புல்லுக்கு மட்டும் தண்ணீரா?

தண்ணீர் இல்லாமல் ஒரு விளையாட்டுப் போட்டி நின்று போயிருக்கிறது. கிரிக்கெட் அல்ல, கால்பந்தும் அல்ல. கோல்ப்!

பசிபிக் மகா சமுத்திரத்தில், அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மவுயி. அந்தத் தீவில் கபலுவா என்ற இடத்தில் 1999-ம் ஆண்டு முதல் ஜனவரிதோறும் பெரிய கோல்ப் போட்டி நடந்து வந்தது. மொத்தப் பரிசு 2 கோடி டாலர். 2025-ம் ஆண்டு அங்கே கடும் வறட்சி. பச்சைப் பசேல் என்று இருந்த மைதானம் வைக்கோல் நிறமாகி விட்டது. செப்டம்பரில் மைதானத்தை மூடினார்கள். 2026 ஜனவரிப் போட்டி ரத்து ஆயிற்று.

"அடடா, பாவம்!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சிறிய வெள்ளைப் பந்தை நீண்ட கோலால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். இதுதான் கோல்ப். இப்படி 18 குழிகள். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குக் கால் மைல் கூட இருக்கும். ஆகவே ஒரு மைதானத்துக்கு நூறு ஏக்கர் நிலம் கூடப் போதாது. அத்தனையும் புல்! அந்தப் புல்லை மாடு மேயாது. வெட்டி விற்கவும் மாட்டார்கள். தண்ணீர் மட்டும் ஓயாமல் குடிக்கும்.

மலையில் மழை, அடிவாரத்தில் வெயில்

மவுயி, எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி உண்டான தீவு. அதன் மேற்குப் பகுதியில் இருப்பது அணைந்து போன எரிமலை. அந்த மலை உச்சியில் ஆண்டுக்கு 350 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டுகிறது. உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. மேகங்கள் உச்சியிலேயே மழையைக் கொட்டி விடுகின்றன. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் இல்லை. அடிவாரத்தில் உள்ள லகைனா நகரில் பெய்வது ஆண்டுக்கு சுமார் 15 அங்குலம்தான். இரண்டுக்கும் நடுவே பத்து மைல் தூரம் கூட இல்லை!

உல்லாசப் பயணிகள் வெயிலையும் கடற்கரையையும் தேடி வருகிறவர்கள். எனவே 1960-களிலிருந்து ஓட்டல்கள் மழை குறைந்த பக்கத்தில்தான் எழுந்தன. ஓட்டலை ஒட்டி கோல்ப் மைதானமும் வந்தது. அந்தப் புல்லுக்கு மலைத் தண்ணீரை இழுத்து வந்தார்கள்.

அந்தத் தண்ணீர் கேட்பாரற்றுக் கிடந்த தண்ணீரா? அதுதான் இல்லை.

அண்ணன் செடி

ஹவாய் மக்களின் பழைய உணவு சேப்பங்கிழங்கு. அவித்து, இடித்து, களி போல ஆக்கிச் சாப்பிடுவார்கள். சேப்பஞ்செடியே மனித குலத்தின் அண்ணன் என்பது அவர்களுடைய புராணக் கதை. மலை ஓடையிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி, வயலில் பாய்ச்சி, மீதியைத் திரும்ப ஓடையிலேயே விட்டார்கள். தண்ணீர் குளிர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கிச் சூடானால் கிழங்கு அழுகிவிடும். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு "வாய்" என்று பெயர். "வாய்வாய்" என்றால் செல்வம்!

19-ம் நூற்றாண்டில் கரும்பு முதலாளிகள் வந்தார்கள். மலையைக் குடைந்து, கால்வாய் வெட்டி, ஓடைகளைத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். கீழே சேம்பு வயல்கள் காய்ந்தன. பிறகு அன்னாசித் தோட்டமும் வந்தது. லகைனா கரும்பாலை 1999-ல் மூடப்பட்டது. கபலுவா கம்பெனி 2009-ல் அன்னாசியைக் கைவிட்டது. கரும்பும் போயிற்று, அன்னாசியும் போயிற்று. கால்வாய் மட்டும் நின்றது. அந்தத் தண்ணீர் மாளிகைகளுக்கும் புல்லுக்கும் போயிற்று.

கைவிட்ட தோட்டங்களில் வெளிநாட்டுப் புல் மண்டிக் காய்ந்தது. 2023 ஆகஸ்டு 8-ந் தேதி பெருந்தீ மூண்டு, ஒரு காலத்தில் மன்னர்களின் தலைநகராக இருந்த லகைனா சாம்பலாயிற்று. இறந்தவர்கள் நூறு பேருக்கு மேல். கோல்ப் மைதானம்தான் தீ வைத்தது என்று சொல்வது நியாயம் அல்ல. ஆனால் வீடு இழந்தவர்கள் மறுபடி வீடு கட்டிக் குடி வந்தால், அவர்களுக்கும் தண்ணீர் வேண்டுமே!

கபலுவா மைதானத்தின் சொந்தக்காரர்கள் கால்வாய்க் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். கால்வாயைச் சரியாகப் பழுது பார்க்கவில்லை என்பது புகார். வறட்சியே காரணம் என்பது கம்பெனியின் பதில். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைக் கோர்ட்டு பார்த்துக் கொள்ளட்டும்.

கடலுக்குப் போன தண்ணீர்

நமக்கு ஆத்திரம் மூட்டுவது வேறொரு விஷயம். லகைனா பகுதியின் சாக்கடை நீரைச் சுத்தம் செய்ய ஓர் ஆலை உண்டு. சுத்தம் செய்த நீரில் ஒரு பகுதி புல்லுக்குப் போயிற்று. மிச்சத்தை ஆழ்கிணறுகளில் ஊற்றினார்கள். எரிமலைப் பாறை சல்லடை போன்றது. நீர் எங்கே நிற்கும்? ஆராய்ச்சியாளர்கள் கிணற்றில் சாயம் கலந்து பார்த்தார்கள். சுமார் மூன்று மாதத்தில் சாயம் கடலோரத்தில் தலைகாட்டியது! அங்கே இருந்த பவளப் பாறைகள் கெட்டன. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நேராகக் கடலில் விடுவதற்குச் சமமானால் இதற்கும் அனுமதி வேண்டும் என்று 2020-ல் கோர்ட்டு கூறியது.

பாருங்கள் விந்தையை! ஓடை நீர் புல்லுக்கு. புல்லுக்கு ஏற்ற நீர் கடலுக்கு.

தண்ணீர் மக்களின் பொதுச் சொத்து என்று ஹவாய் அரசியல் சட்டம் 1978 முதல் சொல்கிறது. மேற்கு மவுயியில் ஓடை நீரோ, நிலத்தடி நீரோ எடுக்க அனுமதி வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. நாம் சொல்வது இதுதான்: முதலில் ஓடையில் ஓட விடுங்கள். அடுத்தது வீடும் சேம்பு வயலும். புல் கடைசியில் நிற்கட்டும்.

"மைதானம் போனால் ஓட்டல் போகும். ஓட்டல் போனால் வேலை போகும்" என்று வாதாடுவார்கள். இதில் உண்மை இருக்கிறது. தோட்டக்காரர், சமையல்காரர், துணி வெளுப்பவர் என்று எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பிப் பிழைக்கின்றன. அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

ஆனால் கோல்ப் பிறந்த ஸ்காட்லாந்தைப் பாருங்கள். கடலோர மணல் மேட்டில் தானாக முளைத்த புல்லில்தான் ஆடத் தொடங்கினார்கள். மழை பெய்தால் பச்சை; வெயில் அடித்தால் பழுப்பு. எந்த ஆட்டக்காரரும் அதனால் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. சுத்தம் செய்த நீரின் குழாயைக் கபலுவா வரை நீட்டுங்கள். சில மைல் தூரம்தான். அந்தக் குழாய் வந்து சேரும் வரை கபலுவாவின் புல் பழுப்பாகவே இருக்கட்டும்.