குத்தியவனுக்குச் சிறை, குத்துப்பட்டவனுக்கு என்ன?

ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்துகிறான். போலீசார் பிடிக்கிறார்கள். கோர்ட்டு தண்டிக்கிறது. "நீதி கிடைத்தது" என்று ஊர் பேசுகிறது.

குத்துப்பட்டவன் கதி என்ன? கை விளங்கவில்லை. வேலை போயிற்று. மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கிறது. குற்றவாளிக்குச் சிறையில் வேளாவேளைக்குச் சோறு உண்டு. இவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை!

அவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

இரவு ஷிப்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது வல்லக்கோட்டை. முருகன் கோவிலுக்குப் பேர்போன ஊர். இன்று அதன் ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம். சுற்றிலும் தொழிற்சாலைகள். வெளியூர்க்காரர்களும் வெளிமாநிலத்தாரும் இந்த வட்டாரத்தில் வாடகைக்குத் தங்கி வேலை செய்கிறார்கள்.

இரவு ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி ஒருவரை வழிப்பறிக்காரன் வெட்டிவிட்டு ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆள் அகப்படவில்லை. யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

சர்க்காரிடம் கேட்கலாம்!

சர்க்கார் ஏன் தரவேண்டும்?

குடிமக்களைக் காப்பது சர்க்காரின் கடமை. காக்கத் தவறினால், அடிபட்டவனைத் தாங்குவதும் அதன் கடமையே. இந்த எண்ணத்தை முதலில் சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து. அங்கே 1964-ல் அது அமலுக்கு வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தும் ஒரு திட்டம் தொடங்கியது.

நம் நாட்டில் 2009-ம் ஆண்டின் கடைசி நாளில்தான் இதற்கான சட்டப்பிரிவு அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுத் திட்டம் 2013-ல் பிறந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இது 396-வது பிரிவு.

வழிகள் என்ன?

முதல் வழி, கோர்ட்டு. குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்குப் பணம் தரும்படி நீதிபதி உத்தரவிடலாம். அபராதம் விதிக்காவிட்டாலும், நஷ்டஈடு கொடு என்று குற்றவாளிக்குக் கட்டளையிடலாம். ஆனால் குற்றவாளி பிடிபட வேண்டும். வழக்கு முடிய வேண்டும். அபராதப் பணமோ, அப்பீல் போட்டால் அது தீரும்வரை கைக்கு வராது.

இரண்டாவது வழி, சர்க்கார் நிதி. கோர்ட்டு சிபாரிசு செய்யும். எவ்வளவு என்பதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும். எதிரி விடுதலையானாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் கோர்ட்டு சிபாரிசு செய்யலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காவிட்டால், பாதிக்கப்பட்டவரே ஆணைக்குழுவுக்கு மனுப் போடலாம். அவர் இறந்திருந்தால் அவரை நம்பி வாழ்ந்தவர்கள் போடலாம். விசாரணையை 2 மாதத்தில் முடிக்கவேண்டும் என்கிறது சட்டம்.

அதுவரை காயம் பொறுக்குமா? பொறுக்காது. அதனால்தான் போலீஸ் நிலைய அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று தந்தால், இலவச வைத்தியத்துக்கும் இடைக்கால உதவிக்கும் ஆணைக்குழு உத்தரவிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

பெண்களுக்கு 2018-ல் தனித் திட்டம் வந்தது. அதன்படி உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம் முதல் 10 லட்சம் வரை நஷ்டஈடு உண்டு. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் ரூ.7 லட்சம் முதல் 8 லட்சம் வரை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீது மற்றவர்கள் வன்கொடுமை செய்தால் வேறு விதிகள் உண்டு. 2016-ல் திருத்திய மத்திய விதிகள் கொலைக்கு ரூ.8¼ லட்சம் என்று நிர்ணயித்தன. பாதித் தொகையைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே தரவேண்டும்.

தொழிலாளிக்கு இன்னொரு கதவும் உண்டு. அது இ.எஸ்.ஐ. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேர்ந்தது வேலையோடு தொடர்புடையது என்று ஏற்கப்பட்டால், அது பணிக்காயம். ஊனத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும்.

31 ஆண்டு!

சட்டம் நல்ல சட்டம்தான். காலம்தான் கொடுமை செய்கிறது.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக்கட்டை தேடிப்போன சர்க்கார் ஊழியர்கள் அந்த மலைமக்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தர்மபுரி கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டது.

அன்றைய கன்னிப்பெண் இன்று பாட்டி. வயதுக் காலத்தில் வந்த பணம், வாழவேண்டிய காலத்தைத் திருப்பித் தருமா?

பொள்ளாச்சி வழக்கில் இவ்வளவு காலம் ஆகவில்லை. 2019-ல் வெளியான கொடுமைக்கு 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 9 பேருக்கும் சாகும்வரை சிறை. 8 பெண்களுக்கு மொத்தம் ரூ.85 லட்சம் நஷ்டஈடு. அதுவும் 6 ஆண்டுதான்! ஆறு மாதம் சம்பளம் நின்றாலே தாங்காத குடும்பம், ஆறு ஆண்டு எப்படித் தாங்கும்?

ஆகவே இடைக்கால உதவிதான் முக்கியம். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காயம் பச்சையாக இருக்கும்போதே கேட்கவேண்டும்.

என்ன செய்யவேண்டும்?

போலீசில் புகார் எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அது இலவசம். ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்து ரசீது, சம்பளச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோடு பேசலாம். எழுதத் தெரியாதே என்று தயங்கவேண்டாம். மனு எழுத அங்கே உதவி கிடைக்கும்.

வெளிமாநிலத்துத் தொழிலாளி உங்கள் பக்கத்து அறையில் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். "பாதிக்கப்பட்டவர்" என்றுதான் சட்டம் சொல்கிறது. சொந்த ஊர் எது என்று அது கேட்கவில்லை.

குற்றவாளியைத் தேடிப் போலீசார் போவார்கள். நஷ்டஈடு யாரையும் தேடி வருவதில்லை. நாம்தான் அதைத் தேடிப் போகவேண்டும்!