உயிரணுவின் என்ஜின்

என்ஜின் பழுதானால் லாரி நின்றுவிடும். இது நாமக்கல்லில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மனித உடம்புக்குள்ளும் என்ஜின்கள் உண்டு. அவை பழுதானால் என்ன ஆகும்?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு என்ஜின்கள் ஓடுகின்றன. அவற்றின் பெயர் மைட்டோகாண்ட்ரியா. உண்ணும் சோற்றில் இருந்து உடம்புக்கு வேண்டிய சக்தியைத் தருபவை இவைதான்.

ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற மரபுக் குறிப்பு இருக்கிறது. அதில் 16,569 எழுத்துக்கள். 1981-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானிகள் அதை முழுவதும் படித்து முடித்தார்கள். இந்தக் குறிப்பு தாயிடம் இருந்து பிள்ளைக்கு வருகிறது. தாய் தந்த சொத்து அது!

லாரி புகை கக்குவது போல, இந்த என்ஜினிலும் கழிவு உண்டாகிறது. அருகிலேயே இருப்பதால் எழுத்துக்கள் எளிதில் கெடுகின்றன. புகையிலை நஞ்சு அந்தக் கேட்டை அதிகமாக்குகிறது.

குடல் புற்றுநோய் அணுக்களில் இந்த எழுத்துக்கள் மாறி இருப்பதை 1998-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். 2000-ம் ஆண்டில், தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்தவர்களின் எச்சிலிலேயே அந்த மாற்றம் தெரிந்தது. நோயைத் தொடங்குவது இந்த மாற்றம்தானா, அல்லது நோயோடு சேர்ந்து வருவதா என்ற ஆராய்ச்சி நடக்கிறது.

ஒன்று மட்டும் நிச்சயம். பழுதான லாரி நிற்கும். புற்றுநோய் அணு நிற்காது, பெருகிக்கொண்டே போகும்!

புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதில் சந்தேகமே இல்லை. புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அறிக்கை வெளியிட்டது. 2013-ல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை விதித்தது. ஆனாலும், தூக்கத்தை விரட்ட லாரியிலும், அலுப்புத் தீரத் தறியிலும் புகையிலையை வாயில் அடக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கடையை மூடலாம். வாயை மூட வேண்டியவர் அவரவர்தான்.

வாயில் ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா? வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிகிறதா? வாய் திறக்கச் சிரமமா? மஞ்சள் பூசிக்கொண்டு நாளைக் கடத்தக்கூடாது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்த வழி உண்டு. பயந்து மறைத்தால், நோய்தான் வளரும்.

வண்டியைப் புறப்படும் முன் சோதிக்கிறோம். வாயையும் கண்ணாடியில் பார்ப்போம். தாய் தந்த சொத்தைப் புகையிலைக்குப் பலி கொடுக்க வேண்டாம்!