திரையில் சீருடை, கோர்ட்டில் மனு

2025 மே 7-ம் தேதி, 'ஆபரேஷன் சிந்தூர்' பற்றி நிருபர்களுக்கு விளக்க வெளியுறவுச் செயலாளருடன் இரண்டு பெண் அதிகாரிகள் வந்து உட்கார்ந்ததை நம்மில் பார்க்காதவர் குறைவு. தரைப்படையின் கர்னல் சோஃபியா குரேஷி, விமானப்படையின் விங் கமாண்டர் வியோமிகா சிங். இருவரும் நிதானமாக, அளந்து பேசினார்கள். அளவை மறந்தவர்கள் டி.வி.க்காரர்கள்தான். மறுநாள் இரவே கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தாக்கிவிட்டதாகச் சில சேனல்கள் கூவின. அப்படி எதுவும் நடக்கவில்லை. அதே வாய்கள்தான் 'நாரி சக்தி' என்றும் ஓயாமல் கூவின.

மே 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் வேறு பெண் ராணுவ அதிகாரிகள் பலர், எங்களை வேலையிலிருந்து அனுப்பாதீர்கள் என்று மனுவோடு நின்றார்கள். அடுத்த விசாரணை வரை அனுப்பக்கூடாது என்று கோர்ட் சொன்னது. நான் பார்த்த சேனல்களில் இது ஒரு வரிகூட வரவில்லை, பத்திரிகையில்தான் படித்தேன்.

விஷயம் இதுதான். டாக்டர், நர்ஸ் தவிர்த்த பிரிவுகளில் பெண் அதிகாரிகளுக்குக் கதவு திறந்தது 1992-ல். (முதல் அணி பயிற்சி பெற்றது நம் சென்னையில்தான்.) ஆனால் அது குறுகிய காலப் பணி. 5 வருடம் என்று ஆரம்பித்து 14 வரை நீண்டது. அதிகாரிக்குப் பென்ஷன் வர 20 வருட சர்வீஸ் வேண்டும். கணக்கு புரிகிறதா? குறுகிய காலப் பணிக்கு வந்த ஆண்கள் நிரந்தர கமிஷன் கேட்கலாம். பெண்களுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் அந்த வழியே இல்லை. ரயில்வேயில் 'கேஷுவல்' என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவன் நான். தோளில் நட்சத்திரம் இருந்தாலும் நாற்பது வயதில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது அதே கதைதான்.

2020 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இதை மாற்றித் தீர்ப்பளித்தது. கிராமத்திலிருந்து வரும் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியதைப் படித்துச் சிரித்தேன். எங்கள் கேங்மேன்களும் கிராமத்தவர்களே. எங்கள் டிவிஷனுக்கு முதல் பெண் இன்ஜினியர் வந்தபோது ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். மழை இரவில் அந்த அம்மா லாந்தரோடு தண்டவாளத்தில் கூடவே நின்றதும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. அதிகாரிக்கு வேலை தெரிகிறதா என்பதைத்தான் சிப்பாயும் பார்ப்பான்.

அந்தத் தீர்ப்பிலேயே குரேஷியின் பெயர் இருக்கிறது. 2016-ல் நம் புனேயில் நடந்த பன்னாட்டுப் பயிற்சியில் இந்திய அணிக்குத் தலைமை வகித்தவர் அவர். அப்போது எந்த சேனல் அவரைத் தேடி வந்தது?

படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்ற அரசின் வாதம் தள்ளிவிடக் கூடியதல்ல. ஆனால் அந்த அளவுகோல் இருபாலருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பெண்ணுரிமை என்றால் யுத்தத்தை எதிர்ப்பதுதான், சீருடை போடுவதல்ல என்று என் மருமகள் வாதாடுகிறாள். யுத்தம் வேண்டாம் என்பதில் நானும் அவள் கட்சி. ஆனால் சம்பளமும் பென்ஷனும் சமாதான காலத்திலும் வேண்டுமே!

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடக்வாஸ்லாவில், 2025 மே 30 அன்று என்.டி.ஏ.வின் முதல் 17 பெண் கேடட்டுகள் படிப்பை முடித்து அணிவகுத்தார்கள். இவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நிரந்தர கமிஷன். 14 வருடக் கணக்கு கிடையாது.