தலைப்பில் நியூயார்க், படத்தில் கப்பல்

வணிகச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரப்படி இருக்க வேண்டும். 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' எட்டாம் பாகத்தை (1989) எடுத்தவர்கள் அந்தப் பாடத்தன்று கட் அடித்துவிட்டார்கள் போல :-)

படத்தின் முழுப்பெயர் 'ஜேசன் டேக்ஸ் மன்ஹாட்டன்'. ஏரிக்கரை, காடு, முகாம் என்றே ஏழு பாகம் ஓட்டியவர்கள், கொலைகாரனை நியூயார்க்குக்குக் கூட்டிப்போகிறோம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நானும் நம்பி உட்கார்ந்தேன்.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கப்பல்தான் ஓடுகிறது! அப்புறம் வரும் 'நியூயார்க்'கிலும் பெரும்பகுதி கனடாவின் வான்கூவர். நிஜ டைம்ஸ் சதுக்கம் வருவது கொஞ்ச நேரம். அங்கே வம்புக்கு வரும் பையன்களை, ஜேசன் சும்மா முகமூடியைத் தூக்கிக் காட்டியே ஓடவிடுகிறான். படம் முழுக்க இப்படி இருந்திருந்தால்? கடைசியில் சாக்கடையில் நள்ளிரவு ரசாயனக் கழிவு வேறு. கொடுமைடா சாமி!

பட்ஜெட் போதவில்லை என்று வக்காலத்து வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. 1980ல் முதல் பாகத்தின் செலவு சுமார் ஐந்தரை லட்சம் டாலர்தான். அமெரிக்க வசூல் 3.9 கோடிக்கு மேல். காசு குறைவென்றால் 'கப்பலில் ஜேசன்' என்று நேர்மையாகப் பெயர் வைத்திருக்கலாமே?

எட்டாம் பாகத்தின் அமெரிக்க வசூல் சுமார் 1.4 கோடி. அதுவரை வந்த பாகங்களிலேயே ஆகக் குறைவு. 1993ல் அடுத்த பாகம் வேறு நிறுவனத்திடமிருந்துதான் வந்தது.

கணக்குப் பதிவியலில் நற்பெயரைச் சொத்துப் பக்கம் எழுதுவோம். இவர்கள் அதைச் செலவில் எழுதிவிட்டார்கள்.