பறவைக்குக் கணக்கு உண்டு, பாட்டனுக்கு?

மொரீசியசுத் தீவைக் கண்டு களிக்க வாரீர் என்றழைக்கும் பயண விளம்பரங்கள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்துவிட்டன. காட்டைக் காட்டுகிறார்கள், கடலைக் காட்டுகிறார்கள், கரும்புத் தோட்டத்துச் சீமான் வாழ்ந்த மாளிகையைக் காட்டுகிறார்கள். வசதியுள்ளோர் போய் வரட்டும், நாம் தடுக்கவில்லை.

காட்டைக் காத்தது நல்ல காரியமே. அத்தீவில் மட்டுமே வாழும் வல்லூறு ஒன்று. 1974இல் காட்டில் கண்டறியப்பட்டவை நான்கே நான்கு! அறிஞர்கள் முட்டையெடுத்து, குஞ்சு பொரிக்க வைத்து, இனத்தை மீட்டனர். டோடோவைத் தொலைத்த தீவல்லவா, சூடுபட்ட பூனை!

ஆனால், அந்தக் கரும்பை நட்டவன் எவன்? அடிமை முறை 1835இல் ஒழிந்தது. சீமான்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 தொடங்கி 1920 வரை ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியத் தொழிலாளரைக் கொண்டுபோய் இறக்கினர். சென்னையில் கப்பலேறியோரில் நமது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தாரும் உண்டு. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய். ஒரு நாள் வேலைக்கு வரவில்லையா? இரண்டு நாள் கூலி பிடித்தம்! ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பெயர். கரும்பை ஒரு வெட்டு வெட்டினான் தமிழன். அவன் கூலியை இரண்டு வெட்டு வெட்டினான் துரை!

போர்ட் லூயிசில் அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்றும் உள்ளன. அப்ரவாசி காட் எனும் அவ்விடத்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மாளிகைக்குப் போகுமுன் அந்தப் படிகளில் ஏறுங்கள் என்கிறோம்.

அவர்தம் பேரப்பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது கிரியோல். ஆயினும், 1998இல் ரூபாய்த் தாளில் தமிழை ஒரு படி கீழே இறக்கியபோது கொதித்தெழுந்தனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. 1999இல் தமிழ் பழைய இடத்துக்கு வந்தது. பேச்சு மறந்தும் பாசம் மறக்காதோர்!

அவர்களுள் சிலர் மூதாதையர் ஊரைத் தேடி இங்கு வருகின்றனர். யாரைக் கேட்பது? மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் பழைய பதிவேடுகளில் பெயரும் எண்ணும் கப்பலும் ஊரும் உள்ளன. தென்னார்க்காட்டுப் பக்கங்களைப் படியெடுத்து விழுப்புரம், திண்டிவனம் நூலகங்களில் வைக்க அரசு ஆவன செய்ய வேண்டும். வெள்ளைக்கார எழுத்தன் காதில் விழுந்தபடி கிறுக்கிய ஊர்ப்பெயரைப் பார்த்து, ‘இது எங்கள் பக்கத்து ஊரப்பா’ என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே செய்யட்டும்.