ஆறு மாதக் குழந்தையை எந்த வீட்டில் விடுவது?

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்திலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தமிழ்நாட்டு அங்கன்வாடியிலோ இரண்டு வயதானால்தான் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியும், அதுவும் மாலை வரை இல்லை. நடுவில் உள்ள ஒன்றரை வருடத்துக்குப் பாட்டி ஊரிலிருந்து வந்தால் உண்டு. வராவிட்டால் பக்கத்து பிளாக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான்.

சென்னையில் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இப்படிப்பட்ட வீட்டு டே கேர்கள் ஏராளம். பாசமாகப் பார்த்துக்கொள்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அது எப்படித் தெரியும்? குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'நல்லா பாத்துக்கிறாங்க' என்று யாரோ எழுதியதுதான் ஒரே சான்று. வளர்ப்பு நாய்க்கு உரிமம் கேட்கிறது சென்னை மாநகராட்சி. பத்துக் குழந்தைகளை வைத்திருக்கும் வீட்டிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மழலையர் பள்ளிகளுக்கு 2015-இல் விதிமுறைகள் வந்தன. ஆனால் 'பாடம் நடத்தவில்லை, சும்மா பார்த்துக்கொள்கிறோம்' என்கிற வீடு அதிகாரிகளின் கண்ணிலேயே படுவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றது மகப்பேறு சட்டத்தின் அதே திருத்தம். துணிக்கடையிலும் சின்ன கிளினிக்கிலும் நிற்கும் பெண்ணுக்கு அதனால் என்ன லாபம்?

கேமரா இருக்கிறதே என்பார்கள். 2016-இல் நவி மும்பையின் கார்கரில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்து உதைத்த காப்பகத்திலும் கேமரா இருந்தது. அது பதிவு செய்தது, தடுக்கவில்லை.

கேமராவை நம்புவதைவிட, சொல்லாமல் கொள்ளாமல் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே விடத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம். எல்லாக் குழந்தைகளும் எழுப்பினாலும் எழாமல் தூங்கினால் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். குளியலறையில் நிரம்பிய வாளி இருக்கிறதா, பால்கனிக் கம்பி இடைவெளி எவ்வளவு, பகலில் வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அந்த அக்காவுக்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை.

ஆனால் அரசு செய்ய வேண்டிய சோதனையைப் பெற்றோர் எத்தனை நாள் செய்வது? சமூக நலன் துறை வீட்டுக் காப்பகங்களைப் பதிவு செய்து, ஒருவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கலாம் என்று வரம்பு வைத்து, காவல் துறைச் சரிபார்ப்பு முடிந்த வீடுகளின் பட்டியலை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். பதிவுக் கட்டணம் பெயரளவுக்கு இருக்கட்டும். நேர்மையாக நடத்தும் அக்காக்களை விரட்டிவிடக் கூடாது. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகமும் நடத்த வழி இருக்கிறது. துரைப்பாக்கமும் சோழிங்கநல்லூரும் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை வார்டுகளில் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும்படி அதை முதலில் தொடங்கலாம்.