இரண்டு புள்ளிக்கு மட்டுமா இந்த முழங்கால்?

பிறேசிலிய ஜியு-ஜிட்சுப் போட்டிகளைப் பார்க்கும்போது ஒரு காட்சி என்னை உறுத்துவதுண்டு. மேலே இருப்பவர் எதிராளியின் வயிற்றில் ஒரு முழங்காலை வைக்கிறார். மறுகாலை அகற்றிப் பாதத்தைத் தரையில் ஊன்றுகிறார். மூன்று விநாடிகள் கழிந்ததும் நடுவர் இரண்டு புள்ளிகள் வழங்குகிறார். உடனே அவர் இறங்கி, பழையபடி நெஞ்சோடு நெஞ்சு அழுத்திப் படுத்துவிடுகிறார்.

நான் மெத்தையில் இறங்கிப் பயின்றவனல்லன், நெடுநாள் பார்வையாளன். ஆயினும் இது நல்லதொரு பிடியை வீணடிப்பது என்றே சொல்வேன்.

படுத்து அமுக்கும்போது கீழே கிடப்பவருக்குக் கட்டிப்பிடிக்க ஓர் உடலாவது கிடைக்கிறது. முழங்கால் ஏறியபின் அதுவும் இல்லை. மேலிருப்பவரின் பாரம் வயிற்றில் இறங்க, மூச்சு முட்டுகிறது. முழங்காலைத் தள்ளக் கை நீட்டினால் அந்தக் கையே பூட்டுக்கு அகப்படுகிறது. அப்பால் புரண்டால் முதுகு பறிபோகிறது. பலமாகத் தள்ளினால், மேலிருப்பவர் முழங்காலை எடுத்து மறுபக்கம் தாவி மீண்டும் வைக்கிறார்.

இந்த நிலை உறுதியற்றது என்பர் சிலர். உண்மைதான், அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க முயல்பவர் கவிழ்வார். ஆனால் இதன் பலம் தங்குவதில் இல்லை, நகர ஆயத்தமாயிருப்பதில்தான் இருக்கிறது.

யூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிறேசிலில் வந்திறங்கினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிறேசியின் தம்பி ஹீலியோ மெலிந்த உடலினர். ஹீலியோவின் மகன் றொய்ஸ் 1993இல் டென்வர் நகரில் ஒரே இரவில் தன்னிலும் பாரமான மூவரை வென்றார். சிறியவரும் பெரியவரை எதிர்கொள்ளலாம் என்பதே இக்கலை தந்த வாக்குறுதி. அதை இந்த முழங்கால் நன்றாகவே காப்பாற்றுகிறது. தலை நிமிர்ந்திருப்பதால் சுற்றிலும் பார்க்கலாம். வேண்டுமானால் எழுந்து ஓடலாம். தெருவில் தாக்கப்படும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பயிற்சியில் பாரமானவர் இளைத்தவரின் விலாவில் முழங்காலை இறக்கி, அவர் துடிப்பதை ரசிப்பது திறமையல்ல. வலிக்கச் செய்வதற்கு எடை போதும். பாரத்தை அளந்து வைத்து, எதிராளி அசையுமுன் இடம் மாறுவதற்கே பயிற்சி தேவை. மூன்று விநாடிகளை எண்ணக் கற்பிக்கும் ஆசிரியர்கள், நான்காவது விநாடியில் எங்கே நகர்வது என்பதையும் கற்பிக்கட்டும்.